வீட்ல கிட்டார் வாசிக்க 100 வாட் எதுக்குங்க?

போன மாசம் கிரெடிட் கார்டு இஎம்ஐ பத்திப் போட்ட வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சார், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. எலக்ட்ரிக் கிட்டார் கத்துக்கறேன். 24,000 ரூபாய்க்கு 100 வாட் ஆம்ப் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. வாங்கலாமா?" ரெண்டு வரியில பதில் போட்டிருக்கலாம். போட மனசு வரல. இதே தப்பை நானே பண்ணியிருக்கேன், அதுவும் சிஏ பாஸ் பண்ணின கையோட.

2015. கோயம்புத்தூர்ல முதல் வேலை, கையில முதல் கிரெடிட் கார்டு. 26,000 ரூபாய்க்கு 100 வாட் ஆம்ப், 12 இன்ச் ஸ்பீக்கர். தூக்கினா இடுப்பு பிடிக்கும். "ஒருநாள் மேடையில வாசிப்போம்ல, அப்ப திரும்ப எதுக்கு வாங்கணும்?"னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன். அடுத்த வருஷம் சொந்தமா ஆபீஸ் போட மேட்டூருக்கே வந்துட்டேன். இங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அனல் மின் நிலையத்துல ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குவார். எனக்கு நேரம் கிடைக்கறதோ ராத்திரி எட்டு மணிக்கு மேல, இல்லன்னா ஞாயித்துக்கிழமை பகல். ஒருநாள் கேட்டுக்கிட்ட வந்து, "தம்பி, நல்லாத்தான் வாசிக்கறீங்க. நான் எப்பத்தான் தூங்கறது?"ன்னார். கோவமே படல. அதனாலதான் அதிகமா உறைச்சது.

அன்னையில இருந்து அந்த ஆம்ப் துணி மடிச்சு வைக்கிற மேசை ஆயிடுச்சு. கிட்டாரும் உறைக்குள்ள போயிடுச்சு. ரெண்டரை வருஷம் வெச்சிருந்து 9,000 ரூபாய்க்கு வித்தேன். நஷ்டம் 17,000. மொத்தமா வாசிச்சது 40 மணி நேரம் இருந்தா அதிகம். மணிக்கு 425 ரூபாய் ஆச்சு, இஎம்ஐ வட்டியைச் சேர்க்காமலே. அந்தப் பணம் போனதைக்கூட விட்டுடலாம். நடுவுல நாலு வருஷம் நான் கிட்டாரையே தொடலை. அதைத்தான் இன்னும் என்னால விட முடியல.

இப்ப வாட் கணக்குக்கு வருவோம். நம்ம ஆளுங்க பெரும்பாலும் ஏமாறுற இடம் இதுதான். 100 வாட்னா 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம்னு நினைக்கறோம். காது அப்படிக் கேக்கறதில்ல. பவரை ரெண்டு மடங்காக்கினா 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்காக்கினா 10 டெசிபல். அந்த 10 டெசிபல் நம்ம காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியும், அவ்வளவுதான். கிட்டார் ஆம்ப்ல வர்ற 12 இன்ச் ஸ்பீக்கர் பல, ஒரே ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்துல 95 டெசிபலுக்கு மேல போகும். நாம சாதாரணமாப் பேசறது 60 டெசிபல் பக்கம். அதாவது ஒரு வாட்டே படுக்கையறைக்கு ஜாஸ்தி. மிச்சம் 99 வாட்டுக்கும் சேர்த்துத்தான் நீங்க இஎம்ஐ கட்டறீங்க.

சட்டமும் இருக்கு. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கு வெச்சிருக்கற அளவு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் 45 டெசிபல். போலீஸ் வந்து அளப்பாங்கன்னு சொல்ல வரல. பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைக்கு ஒரு அளவு இருக்குன்னு அரசாங்கமே எழுதி வெச்சிருக்குன்னு எடுத்துக்கோங்க. 16 கண் மதகு திறந்து உபரித் தண்ணி பாயுற நாள்ல மதகுப் பக்கத்துல உக்காந்து 100 வாட் வாசிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மத்த நாள்ல கேக்கும்.

அப்ப வீட்டுக்கு எதைத்தான் வாங்கறது? என் கருத்து ஒண்ணுதான்: வருஷத்துல 350 நாள் எங்க வாசிக்கறீங்களோ அந்த ரூமுக்கு வாங்குங்க. மீதி நாளுக்கு வாடகைக்கு எடுங்க.

அந்த ரூமுக்கு 3 வாட்ல இருந்து 10 வாட் வரைக்கும் போதும். ஹெட்ஃபோன் துளை கட்டாயம் இருக்கணும், அதுல விட்டுக்கொடுக்காதீங்க. நம்மள மாதிரி ஆளுங்க வாசிக்கறது ராத்திரி ஒன்பதரைக்குத்தான். போன்ல இருந்து பாட்டு ஓட விட்டுக்கூட வாசிக்க ஆக்ஸ் இருந்தா நல்லது. இந்த வகையில ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன் 10ஜி எளிமையான பெட்டி, 10 வாட், 6 இன்ச் ஸ்பீக்கர். பாஸ் கட்டானா மினி 7 வாட். பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 பேர்லயே இருக்கற மாதிரி 3 வாட். இது ரெண்டும் ஆறு பென்சில் பேட்டரியிலயே ஓடும், கரண்ட் போனாலும் பிரச்சினை இல்ல. இன்னும் குறைக்கணும்னா வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி கிட்டார்லயே நேரா சொருகி ஹெட்ஃபோன்ல கேக்கறது இருக்கு. ஹாஸ்டல், பிஜியில இருக்கறவங்களுக்கு முதல்ல நான் அதைத்தான் சொல்லுவேன். "இல்ல சார், பெருசாத்தான் வேணும்"னு நிக்கறவங்க, பாஸ் கட்டானா 50 மாதிரி பவரை 0.5 வாட்டுக்கு இறக்கிக்கற வசதி இருக்கறதாப் பாருங்க.

ஒரு சின்ன விஷயம், செலவே இல்லாதது. ஆம்பைத் தரையில வெச்சா சத்தம் முழங்காலுக்குப் போகும், காதுக்கு வராது. கேக்கலையேன்னு வால்யூமைத் திருகுவோம். ஒரு ஸ்டூல் மேல காது பக்கம் திருப்பி வெச்சுப் பாருங்க, பாதி வால்யூம் போதும்.

இன்னொண்ணு உயிர் சம்பந்தப்பட்டது. கிட்டார் கம்பி ஆம்போட எர்த்தோட சேர்ந்திருக்கும். ஸ்விட்ச் போர்டுல எர்த் சரியில்லாம, நீங்க கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டே வேற லைன்ல ஓடுற மைக்ல வாயை வெச்சா ஷாக் அடிக்கலாம். "உய்ய்"னு வர்ற இரைச்சல் நிக்குதுன்னு மூணாவது பின்னை உடைச்சுட்டு சொருகறவங்களைப் பாத்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாக்கச் சொல்லுங்க.

இப்ப குழு. நாலு பேர் சேர்ந்து சர்ச், ஆபீஸ் ஆண்டு விழா, சொந்தக்காரங்க வரவேற்புன்னு வாசிக்கறீங்க. இதுக்குக் கிட்டார் ஆம்ப் சரிப்படாது. எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்ல உச்ச ஸ்தாயிக்குத் தனி ஸ்பீக்கர் கிடையாது. அதுல பாடினா வாயில துணி வெச்சுப் பாடற மாதிரி இருக்கும். கீபோர்டும் அகூஸ்டிக் கிட்டாரும் அப்படித்தான் மங்கிப் போகும். மிக்ஸரும் முழு அலைவரிசை ஸ்பீக்கரும்தான் வேணும்.

நம்ம ஊர்ல எல்லாத் தெருவுலயும் தெரிஞ்ச பேர் அஹுஜா. 1940-ல இருந்து இருக்கற நம்ம நாட்டுக் கம்பெனி. மாரியம்மன் பண்டிகையில கம்பத்துல கட்டற குழாய் ஸ்பீக்கரைப் பாத்தாலே நமக்கு அந்தப் பேர்தான் ஞாபகம் வரும். அந்த மைக் செட்ல எலக்ட்ரிக் கிட்டாரை நேரா மைக் துளையில சொருகினா சேத்துல முக்கின மாதிரி கேக்கும். பெட்டியில குறை இல்ல. கிட்டார் பிக்கப்புக்கு எதிர்ல ஒரு மெகா ஓம் அளவுக்குத் தடை இருக்கணும், மைக் துளையில இருக்கறது சில ஆயிரம் ஓம்தான். நடுவுல டிஐ பாக்ஸ்னு ஒரு சின்னப் பெட்டி வெச்சா சரியாப் போயிடும். குழாய் ஸ்பீக்கரும் பேச்சு தூரமாக் கேக்கறதுக்குச் செஞ்சது. வாடகைக்கு எடுக்கும்போது "பாக்ஸ் ஸ்பீக்கர் குடுங்கண்ணா"ன்னு கேட்டு வாங்குங்க.

கணக்கைப் பாருங்க. எங்க குழு ஒரு நிகழ்ச்சிக்கு மைக் செட்டுக்குக் கொடுக்கறது 2,500 ரூபாய், ஆளோட. வருஷத்துக்கு அஞ்சு நிகழ்ச்சி, 12,500. நாலு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 3,125. சொந்தமா வாங்க நாங்க விசாரிச்சப்ப 45,000 ஆச்சு. போட்ட காசை எடுக்கவே மூணரை வருஷத்துக்கு மேல. ஆட்டோ வாடகை, ரிப்பேர், யார் வீட்ல வைக்கறதுங்கற சண்டை எல்லாம் தனி. வருஷத்துக்குப் பத்து நிகழ்ச்சி உறுதியா இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள எடுத்துடலாம், அப்ப வாங்குங்க. ஆனா ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி வெச்சுக்கோங்க: யார் எவ்வளவு போட்டாங்க, ஒருத்தர் சென்னைக்கு மாத்தலாகிப் போனா வருஷத்துக்கு 20% கழிச்சு மிச்சத்துல அவர் பங்கைக் கொடுக்கறோம்னு. ஆடிட்டர் புத்தின்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

கடைசியா அந்த நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே பேங்குங்களுக்குச் சொல்லிடுச்சு. இப்ப நடக்கறது, வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி கொடுத்துட்டு, வட்டியைத் தனியா வாங்கறது. தம்பி சொன்ன 24,000-க்கு 15% வட்டின்னு வெச்சா, மாசம் 2,000 தவணையில வட்டி 1,841 ரூபாய். அதுக்கு 18% ஜிஎஸ்டி 331. ப்ராசஸிங் ஃபீஸ் 199-ன்னா வரியோட 235. ஆக நோ காஸ்ட்டோட காஸ்ட் 566 ரூபாய். ரொக்கமாக் கொடுத்தா கடைக்காரர் 1,500 குறைப்பார்னா அதையும் கூட்டிக்கோங்க. உண்மையைச் சொல்லணும்னா இந்த ரெண்டாயிரம் யாரையும் தெருவுக்குக் கொண்டு வராது. ஆனா "மாசம் 2,000 தானே"ங்கற நினைப்புதான் 6,000 ரூபாய் ஆளை 24,000 ரூபாய் பெட்டிக்கு முன்னாடி கொண்டு நிறுத்துது.

நான் இப்ப வெச்சிருக்கறது சேலத்துல ஒருத்தர்கிட்ட 4,000-க்கு வாங்கின பழைய 10 வாட். நாலு வருஷம் ஆச்சு. வாரம் அஞ்சு நாள் அரை மணி நேரம், இதுவரைக்கும் 500 மணி நேரம் தாண்டியிருக்கும். மணிக்கு எட்டு ரூபாய்க்குள்ள. பழசு வாங்கப் போறவங்க சொந்தக் கிட்டாரையும் கேபிளையும் எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொரு குமிழாத் திருகி கரகரப்பு வருதான்னு பாருங்க. சொருகின கேபிளை ஆட்டிப் பாருங்க. ஸ்பீக்கர் காகிதம் கிழிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இருபது நிமிஷம் விடாம ஓட்டிப் பாருங்க. சூடானதுக்கு அப்புறம்தான் சில ஆம்ப் தன் குணத்தைக் காட்டும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்னா பழைய டிவி மெக்கானிக்கே சரி பண்ணிடுவார். உள்ள சிப் போர்டு வெச்ச மாடலிங் ஆம்பைப் பழசா வாங்கறதா இருந்தா, கடை பில்லும் மிச்ச வாரண்டியும் கையில வராம பணத்தைக் கொடுக்காதீங்க.