பூட்டில்லா மின்னஞ்சல் யாருக்கு வசதி?

"மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்குப் பூட்டு எதற்கு?" என்று வினவுகின்றனர் சில பெரிய மனிதர். அவர்களுள் சட்டத்தரணிகளும் உளர் என்பதே வெட்கக்கேடு! கட்சிக்காரன் தன் சட்டத்தரணியிடம் கூறியதை அவன் சம்மதமின்றி வெளியிடலாகாது என விதிக்கிறது, 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. அந்த இரகசியத்தை நாம் காக்கும் இலட்சணம் என்ன? காணி உறுதியையும் வாக்குமூலத்தையும் மின்னஞ்சலிற் பூட்டின்றி அனுப்புகிறோம். வழியிலே அது மறைந்து செல்லலாம். அஞ்சலைச் சுமக்கும் கம்பனியின் கணினியிலோ, அக்கம்பனி வாசிக்கத்தக்க நிலையிலேயே கிடக்கிறது. கந்தோர்க் கதவுக்கு மூன்று பூட்டு. கட்சிக்காரனின் கடிதத்துக்கு ஒன்றுமில்லை!

பூட்டு இல்லாமலா? 1976இலேயே டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வழி காட்டிவிட்டனர். ஒருவருக்கு இரு திறப்புகள். பகிரங்கத் திறப்பை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். அதனாற் கடிதத்தைப் பூட்டத்தான் முடியும். பூட்டியதைத் திறப்பது உடையவனிடமுள்ள இரகசியத் திறப்பு மட்டுமே. அதனால் அவன் ஒப்பமும் இடுவான். அவ்வொப்பத்தைப் பகிரங்கத் திறப்பால் எவரும் சோதிக்கலாம். கடிதத்தில் ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொய்த்துவிடும்.

கமக்காரரே, இது அப்புக்காத்துமார் விவகாரம் என்று ஒதுங்காதீர். "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய இலக்கத்துக்கு அனுப்புக" என வியாபாரியின் பெயரில் வரும் பொய்மடல் யாருடைய மடியை அறுக்கும்? பெயரை எவனும் எழுதலாம். திறப்பின்றி ஒப்பமிட இயலாது.

இப்பூட்டைக் கண்டு வல்லரசே அஞ்சிற்று! 1991இல் பில் சிம்மர்மான் என்னும் அமெரிக்கர் 'பிஜிபி' என்ற மென்பொருளை இலவசமாக வழங்கினார். அந்நாட்டு ஏற்றுமதி விதிகளோ அத்தகைய பூட்டைப் போர்த்தளவாடமாகக் கணித்தன. 1993இல் அவர்மீது விசாரணை எழுந்தது. 1996 ஜனவரியில் வழக்குத் தொடராமலே கைவிடப்பட்டது. இடையே 1995இல் எம்.ஐ.ரி. பதிப்பகம் அதன் நிரல் முழுவதையும் புத்தகமாக அச்சிட்டது. கணினித் தட்டில் இருந்தால் ஆயுதம், கடதாசியில் இருந்தால் நூல்! இதுவும் ஒரு நீதிசாத்திரம்.

நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஒப்பத்தை ஏற்கிறது. மரணசாசனமும் காணி விற்பனையும் அதற்குப் புறம்பு. அவற்றுக்குப் பழைய முறையே.

பூட்டு எல்லாவற்றையும் மறைக்கும் என்று யாம் கூறவில்லை. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பது வெளியே தெரியும். இரகசியத் திறப்புத் தொலைந்தால் பூட்டிய கடிதங்களும் தொலைந்தன. பிறர் தரும் பகிரங்கத் திறப்பை நேரிற் கேட்டு ஒப்பிடாது நம்புவதும் மடமை. இவற்றைக் கற்பது கடினம் என்பார் நம் தொழிலார். தடித்த சட்டநூல்களைக் கரைத்துக் குடித்தவர்க்கு இதுவா கடினம்? அடுத்த முறை உறுதியின் பிரதியை அனுப்புமாறு உங்கள் சட்டத்தரணி கேட்கும்போது, "ஐயா, உங்கள் பகிரங்கத் திறப்பு எங்கே?" என்று கேளுங்கள்.