பழைய லென்ஸில் பொறித்திருக்கும் பெயரை நம்பலாமா?

மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு பழைய லென்ஸ்களுக்கு மறுபடியும் மவுசு கூடிவிட்டது. ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினால் போதும், 60 வருடத்துக்கு முந்தைய லென்ஸும் இன்றைய கேமராவில் படம் எடுக்கும். தாத்தாவின் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது, பழைய சாமான் கடையில் கிடைத்தது, ஆன்லைன் ஏலத்தில் எடுத்தது என்று பலர் கையில் ஒன்றிரண்டு இருக்கிறது. உடனே அடுத்த கேள்வி வரும். இது என்ன லென்ஸ்? எந்த வருடத்தது? கொடுத்த காசுக்குத் தகுமா?

பெரும்பாலோர் செய்வது என்ன? முன்வளையத்தில் இருக்கும் பெயரை கூகுளில் போட்டு, முதலில் வரும் விற்பனை விளம்பரத்தைப் படிப்பது. சிக்கலே அங்கேதான். அந்த விற்பவர் இன்னொரு விற்பவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருப்பார். அவர் வேறொருவரைப் பார்த்து. என்னைக் கேட்டால், பழைய லென்ஸ் விஷயத்தில் கடைசியாக நம்ப வேண்டிய சாட்சி அதன் பெயர்தான். ஆனால் நம்மிடம் இருக்கிற கையேடுகளில் பெரும்பாலானவை பெயரிலிருந்துதான் தொடங்குகின்றன.

கார்ல் ஸைஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியோடு சேர்ந்து அந்த நிறுவனமும் இரண்டாகப் பிளந்தது. பழைய தொழிற்சாலை கிழக்கே ஜெனாவில். புதிய நிறுவனம் மேற்கே ஓபர்கோஹெனில். பெயர் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் சண்டை. அதனால் மேற்கு நாடுகளுக்குப் போன கிழக்கு ஜெர்மன் லென்ஸ்களில் ஸைஸ் என்ற பெயரே இருக்காது. 'அவுஸ் ஜெனா' என்றோ வெறும் 'ஜெனா' என்றோ இருக்கும். டெஸ்ஸார் என்று முழுசாகப் போடாமல் 'டி', பயோட்டார் என்பதற்கு 'பி' என்று ஒற்றை எழுத்துதான். விவரம் தெரியாத ஒருவர் இதைப் பெயர் தெரியாத மலிவு லென்ஸ் என்று ஒதுக்கிவிடுவார். உள்ளே இருப்பதோ அதே டெஸ்ஸார்.

விவிடார் கதை வேறு மாதிரி. அது அமெரிக்க வணிகப் பெயர், அவர்கள் லென்ஸ் தயாரிக்கவில்லை. ஜப்பானில் பல தொழிற்சாலைகளில் செய்து வாங்கி, தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். யார் செய்தது என்பது வரிசை எண்ணில் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் 22 என்றால் கீனோ பிரிசிஷன், 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் எத்தனையாவது வாரம் என்பது. 28719 என்று தொடங்கினால் கோமினே செய்தது, 7-இல் முடியும் ஒரு வருடத்தின் 19-ஆவது வாரம். 1967-ஆ, 1977-ஆ, 1987-ஆ என்பதை லென்ஸின் அமைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

கோடாக் இன்னும் சுவாரஸ்யம். எக்டார் போன்ற அவர்களின் லென்ஸ்களில் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். 'காமரோசிட்டி' என்று ஒரு சொல்லை அவர்களே உருவாக்கி, அதன் பத்து எழுத்துகளுக்கு வரிசையாக 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்துக்கு 0-உம் கொடுத்திருந்தார்கள். அதில் இ என்பது 4, ஓ என்பது 6. ஆகவே 'இஓ' என்றால் 1946. நிக்கானின் பழைய லென்ஸ்களில் நிக்கோர் என்பதற்குப் பக்கத்தில் நிற்கும் எழுத்து, உள்ளே எத்தனை கண்ணாடி என்பதைச் சொல்லும். க்யூ என்றால் 4, எச் என்றால் 6, எஸ் என்றால் 7. சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கமே தயாரித்த வருடம்.

சரி, இதையெல்லாம் எங்கே போய்ப் படிக்கிறது? ஒரே புத்தகத்தில் கிடைக்காது. மேத்யூ வில்கின்சனும் காலின் கிளான்ஃபீல்டும் தொகுத்த 'எ லென்ஸ் கலெக்டர்ஸ் வாடெ மேகம்' சேகரிப்பாளர்கள் முதலில் புரட்டுவது. அது தயாரிப்பாளர் பெயர் வரிசையில் அமைந்தது. ஸைஸ் எண்களுக்கு ஹார்ட்முட் தீலே ஜெர்மனில் தொகுத்த தயாரிப்புப் பதிவேடுகள் உண்டு. எந்த எண் எந்தக் காலத்தில், எந்த வகைக்கு ஒதுக்கப்பட்டது என்று பார்க்கலாம். கோடாக்கின் லென்ஸ் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ருடால்ஃப் கிங்ஸ்லேக் 1989-இல் எழுதிய 'எ ஹிஸ்டரி ஆஃப் தி ஃபோட்டோகிராஃபிக் லென்ஸ்' அடையாளம் காட்டும் கையேடு இல்லை. ஆனால் 1840-இல் வந்த பெட்ஸ்வால், 1893-இன் குக் டிரிப்ளெட், 1902-இன் டெஸ்ஸார் என ஒவ்வொரு அமைப்பும் எப்படி, ஏன் வந்தது என்று அதைப்போல் தெளிவாகச் சொல்வது வேறில்லை. ஒன்றை மட்டும் வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பெயர்ப்பட்டியலை யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் அமைப்பு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு சின்ன டார்ச் போதும். லென்ஸைக் கழற்ற வேண்டாம். முன்பக்கம் சாய்வாக வெளிச்சம் அடித்தால் உள்ளே சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் தெரியும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு பளிச்சென்ற புள்ளி. இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் இடத்தில் மங்கலான ஒன்று. மொத்தம் பளிச்சென ஆறு புள்ளிகள், மங்கலாக எதுவுமே இல்லை என்றால் அது டிரிப்ளெட். ஆறோடு பின்புறம் மங்கலாக ஒன்றும் இருந்தால் டெஸ்ஸார் வகை. முன்பக்கம் இரண்டு பளிச்சும் ஒரு மங்கலும், பின்பக்கம் நாலு பளிச்சும் என்றால் பழைய பெட்ஸ்வால். பெயரே பொறிக்காத பித்தளை லென்ஸுக்கு இதைவிட நல்ல முதல் படி கிடையாது.

இது வெறும் விளையாட்டு இல்லை, காசு விஷயம். சோவியத் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களின் எழுத்துகளைச் சுரண்டி எடுத்துவிட்டு 'லைக்கா' என்று பொறித்து, சிலவற்றில் ஜெர்மன் ராணுவ முத்திரையும் குத்தி விற்பது இன்றும் நடக்கிறது. லென்ஸில் 'எல்மார்' என்று அழகாக எழுதியிருக்கும். எண்கூட நம்பும்படி இருக்கும். விலையில் பல மடங்கு வித்தியாசம். ஆனால் எழுத்தை மாற்றியவர் உள்ளே இருக்கும் அப்பர்ச்சரை நகர்த்த முடியாது. அசல் 5 செ.மீ. எல்மாரில் முதல் கண்ணாடிக்குப் பின்னாலேயே அப்பர்ச்சர் வந்துவிடும். சோவியத் இண்டஸ்டாரில் இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால். அப்பர்ச்சரை நன்றாக மூடிவிட்டு முன்னாலிருந்து டார்ச் அடியுங்கள். இரண்டு புள்ளிதான் என்றால் எல்மாராக இருக்க வாய்ப்பு உண்டு. நாலு இருந்தால், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் எல்மார் இல்லை.

இனி வருகிற கையேடாவது இப்படிக் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் புள்ளிகளின் எண்ணிக்கை, பிறகு மவுன்ட், செ.மீ.-இல் எழுதியிருக்கிறதா மி.மீ.-இல் எழுதியிருக்கிறதா என்பது, அப்புறம் எண். பெயர் கடைசியில் வரட்டும். செடிகளை அடையாளம் காணும் புத்தகங்கள் இலையையும் பூவையும் வைத்துத்தானே வழிகாட்டுகின்றன? பெயர் முன்கூட்டியே தெரிந்தவனுக்கு எதற்குக் கையேடு?

இன்னொரு பக்கம், உயிரோடு இருக்கும் நிறுவனங்கள் தங்கள் பழைய தயாரிப்பு ஏடுகளை முழுசாகத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? 70 வருடத்துக்கு முன்னால் எந்த எண்ணில் எத்தனை லென்ஸ் செய்தோம் என்பதில் வியாபார ரகசியம் எதுவும் மிச்சம் இல்லை. அது வெளியே வராத வரைக்கும் ஏல விளம்பரங்கள்தான் வரலாறாக உலவிக்கொண்டிருக்கும்.