கீழே உங்க பேரைப் போடுங்க!

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பர், பேனா எல்லாம் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஓவியர்களின் பெயர்களை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். டாவின்சி, பிக்காஸோ, வான்கா, ரெம்ப்ராண்ட்... நம்ம பக்கம்? ரவிவர்மா. பத்திரிகை வாசிக்கிற பழக்கம் இருந்தால் கோபுலு, ஆதிமூலம், மருது. பரவாயில்லை, பாஸ்.

இரண்டாவது கேள்வி. பல்லவர் காலத்து ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்.

'மகேந்திரவர்மன்' என்று கை தூக்குகிறவர்களுக்குப் பாதி மார்க். சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டவர்தான். ஆனால், அவர் ராஜா. அவர் பெயர் எப்படியும் கல்லில் ஏறியிருக்கும். செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் மண்டகப்பட்டு குடைவரைக்குப் போனால், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை எடுப்பித்தேன் என்று அவர் வெட்டிவைத்த கல்வெட்டைப் பார்க்கலாம். உளி பிடித்தது யார்? அதைச் சொல்லக் கல்லில் இடம் இல்லை.

அங்கிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளிப் பனமலை. ஏரிக்கரைக் குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அங்கே பக்கச் சன்னிதி ஒன்றின் சுவரில் ஒரு பெண் நிற்கிறாள். உமை. உயரமான கிரீடம், தலைக்கு மேலே குடை. ஒரு காலை மடித்து, உடம்பை லேசாகச் சாய்த்து, சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடிய சிவன் ஏறக்குறைய அழிந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவள் மட்டும் மிச்சம். ஆயிரத்து முந்நூறு வருஷமாக, இல்லாத ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நம்ம வீட்டு வாசலில் சாய்ந்து நின்று தெருவில் நடக்கிற கூத்தை வேடிக்கை பார்க்கிற பெண் மாதிரியே இருக்கும் அந்த நிற்கிற விதம். தெய்வத்தை அப்படி நிற்கவைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தத் தைரியசாலி யார்? பெயர் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு பதில் ரெடியாக இருக்கும். மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 'நம் கலைஞர்கள் தன்னடக்கம் மிக்கவர்கள். இறைவனுக்குச் செய்த பணியில் தன் பெயரைப் பொறிக்க விரும்பவில்லை. மேல்நாட்டான்தான் கையெழுத்துப் போடுவான்.' கைதட்டல் வரும். எனக்குக் கோபம்தான் வரும்.

ஏன் தெரியுமா? அதே ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் தன்னுடைய பட்டப்பெயர்களை மட்டும் இருநூறுக்கு மேல் வெட்டிவைத்திருக்கிறான். அந்த அடக்கம் ராஜாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை? தஞ்சை பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்களை, எந்தத் தெருவில் எந்த வீடு என்பது வரை, ராஜராஜன் கல்லில் எழுதிவைத்தான். பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. விளக்குக்கு நெய் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. உள்சுற்றில் சுந்தரரையும் திரிபுராந்தகரையும் வரைந்தவர்களின் பெயர் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. இத்தனை பெயரை எழுதத் தெரிந்த ஊரில், ஓவியர் மட்டும் 'வேண்டாம் சாமி' என்று அடக்கமாக ஒதுங்கிக்கொண்டாரா? அவரைக் கேட்டோமா? இடம் தராதவர்கள் நாம். அதற்கு அடக்கம் என்று அழகாகப் பெயர் சூட்டியவர்களும் நாம்.

மேல்நாட்டான் கதைக்கு வருவோம். ரெம்ப்ராண்ட் 1606-ல் ஹாலந்தில் லைடன் நகரத்தில் பிறந்தவர். அப்பா மாவு மில்காரர். அவர் சின்னக் குழந்தையாக இருந்த காலத்தில்தான் டச்சுக்காரர்கள் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்தில் கோட்டை கட்டுவதற்காகச் செஞ்சி நாயக்கரின் அனுமதிக்கு வந்து நின்றார்கள். 1633 வாக்கிலிருந்து படங்களில் அப்பா பெயர், குடும்பப் பெயர் எதுவும் இல்லாமல் 'ரெம்ப்ராண்ட்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டார். நம்மைப் போலவே ஒற்றைப் பெயர்!

இதே ரெம்ப்ராண்ட் 1650-களின் பிற்பகுதியில் உட்கார்ந்து இந்திய ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். ஜஹாங்கீர், ஷாஜகான் என்று முகலாயச் சிற்றோவியங்களின் பிரதிகள். இருபதுக்கு மேற்பட்ட கோட்டோவியங்கள் இன்றும் இருக்கின்றன. மரத்தடியில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு முகலாயப் படத்தின் அமைப்பை எடுத்து, ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்து வைக்கும் பைபிள் காட்சியாக 1656-ல் செதுக்கி அச்சிட்டார். உலக மகா ஓவியர், நம் நாட்டு ஓவியர்களிடம் மாணவனாக உட்கார்ந்த கதை இது. அந்தப் படங்களில் இருக்கிற ஜஹாங்கீர், எந்த ஓவியத்தைக் காட்டினாலும் வரைந்தவர் யார் என்று தன்னால் சொல்ல முடியும் என்று நினைவுக் குறிப்பில் பெருமையடித்துக்கொண்டவர். ஆக, இந்தியாவில் ஓவியருக்குப் பெயர் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பார்க்கிறவனுக்கு மனசு இருந்தால் பெயர் இருந்திருக்கிறது.

அதற்காக டச்சுக்காரர்கள் ஓவியரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1656-ல் ரெம்ப்ராண்ட் திவால். வீடு ஏலம் போயிற்று. 1669-ல் செத்தபோது ஆம்ஸ்டர்டாம் தேவாலயம் ஒன்றில் வாடகைக் குழியில் புதைத்தார்கள். எந்த இடம் என்று இன்று யாருக்கும் தெரியாது. அவர்களும் நம்மைப் போலத்தான். வித்தியாசம் பிறகுதான் வந்தது. ஏலம் போன அந்த வீட்டை 1911-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எந்தப் படம் அவர் கை, எது சீடர் கை என்று கண்டுபிடிக்க 1968-ல் ஆரம்பித்த ஆய்வு நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 'இரவுக் காவல்' ஓவியத்தை 2019-லிருந்து கண்ணாடி அறைக்குள் வைத்து, ஜனங்கள் பார்க்கப் பார்க்கவே ஆராய்ந்து பழுது பார்க்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? திருப்பணி என்ற பெயரில் எத்தனையோ கோயில்களில் பழைய ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தோம். செஞ்சிக் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கோட்டை. சுவரில் என்ன இருக்கிறது? இதயம், அம்பு, இரண்டு பெயர். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2010-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதைப் பற்றி யாருக்குக் கவலை? வரைந்தவனுக்குப் பெயர் போட இடம் தராத சுவரில், வேடிக்கை பார்க்க வந்தவன் ஆணியால் கீறிவிட்டுப் போகிறான்.

'அதெல்லாம் ராஜா காலத்துக் கதை சார், இப்ப அப்படியா?' என்று கேட்பீர்கள். செஞ்சியில் எனக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கடை போர்டு, கட்சித் தட்டி, லாரி பாடி எல்லாம் எழுதியவர். இப்போது எப்போதாவது சுவர் ஓவியம். போன முறை பார்த்தபோது டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"முன்னலாம் போர்டு எழுதுனா கீழ மூலையில நம்ம பேர போட்டுக்குவோம் சார். ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இப்ப ஒரு இடத்துல பத்து நாள் வெயில்ல நின்னு மரம், மயிலு, கோட்டைன்னு வரைஞ்சேன். கடைசியில மூலையில பேரு எழுதுனா, 'அத அழிச்சிடுப்பா, அங்க நன்கொடையாளர் பேரு வரணும்'ங்கறாங்க."

"அழிச்சீங்களா?"

"இன்னா சார் பண்றது... பாக்கிக் கூலி வாங்கணுமே."

பனமலையில் உமையை வரைந்தவருக்கும் இதுதான் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால், தன்னடக்கம் என்று இனிமேல் யாராவது மேடையில் பேசினால், வெள்ளை பெயிண்ட்டைத் தொட்டுத் தன் பெயரைத் தானே அழித்துக்கொண்டிருந்த அந்தக் கைதான் எனக்கு ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த தடவை செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரி ஏறி செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அரை நாள் ஒதுக்கிப் பனமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். சுவரைத் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். ரெம்ப்ராண்ட் பெயர் தெரிந்த பிள்ளைக்கு இந்த முகமும் தெரியட்டும்.

வரைந்தவரின் பெயர் இனிமேல் கிடைக்கப்போவதில்லை. போனது போனதுதான். ஆனால் உங்கள் தெருப் பள்ளிக்கூடச் சுவரிலும், கடை ஷட்டரிலும், கோயில் மதிலிலும் இன்றைக்கும் யாரோ வெயிலில் நின்று வரைந்துகொண்டிருக்கிறார். வேலையைக் கொடுக்கிறவர் நீங்களாக இருந்தால், கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

"அண்ணே, கீழே உங்க பேரைப் போடுங்க!"