கிணறு கெட்டபின் தீர்ப்பு எதற்கு?

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. 2019 ஏப்ரல் 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது மெய்யே. ஆயினும், தீர்ப்பை இறைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்ச முடியுமா?

எண்ணெயையாவது கண் கண்டது, மூக்கு உணர்ந்தது. இரண்டுக்கும் எட்டாத நஞ்சொன்றைப் பற்றி இன்றே பேச வேண்டியவர்களாயிருக்கிறோம். 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டனர். 2011இல் மன்னார்க் கடலடியில் எரிவாயு கண்டனர். 2021இல் பெற்றோலிய வளச் சட்டமும் பிறந்துவிட்டது. உற்பத்தி தொடங்கும் நாளில் எண்ணெயோடும் வாயுவோடும் ஆழத்து உவர்நீரும் மேலே வரும். பாறையிலிருந்து கரைந்த ரேடியம் அந்நீரில் இருக்கக்கூடும்.

அத்தகைய கழிவுநீரை நாணல் நட்ட பாத்திகளிற் பாய்ச்சித் தெளிவிக்கும் முறையொன்று உண்டு. ஓமான் நாட்டின் நிம்ர் எண்ணெய் வயலில் நாளொன்றுக்கு ஓரிலட்சம் கனமீற்றருக்கு மேற்பட்ட நீரை இவ்வாறு தெளிவிக்கின்றனர். சிக்கனமான இம்முறையை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். ரேடியத்தைத் தின்று தீர்க்க எவ்வுயிராலும் இயலாது. அது நீரைவிட்டுச் சேற்றிலும் வேரிலும் படியும். ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் செல்லும். சுண்ணாம்புச் சத்தை ஒத்த இயல்புடையதாதலின், உடலுட் புகுந்தால் எலும்பிற் குடியேறும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆலை இத்தகைய நீரைச் சுத்திகரித்தே ஓடையில் விட்டது. ரேடியத்தின் பெரும்பகுதி ஆலையிலேயே நீக்கப்பட்டிருந்தும், நீர் விழுந்த இடத்துச் சேற்றில் அது மேலோடைச் சேற்றிலும் ஏறத்தாழ 200 மடங்கு திரண்டிருந்ததென 2013இல் ஆய்வாளர் வெளியிட்டனர். தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அச்சுவேலியின் வெங்காயமும் புகையிலையும் சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளில் ஊறும் நீரையே நம்பியுள்ளன. அப்பிளவுகளுக்குள் இறங்கிய அழுக்கு எக்கிணற்றில் எழும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே, அரசாங்கத்திடம் நாம் கேட்பது இது. அனுமதிப் பத்திரம் வழங்குமுன் நீரிலும், பின்னர் ஆண்டுதோறும் சேற்றிலும் நாணலிலும் ரேடியத்தை அளந்து, முடிவைத் தமிழிலும் வெளியிடவேண்டும். சேறு கிராமுக்கு 1 பெக்கரல் என்ற அனைத்துலக அளவைக் கடந்தால் அதனை அணுசக்தி ஒழுங்குவிதிகளுக்கு உட்படுத்தவேண்டும். சேறு வாரும் தொழிலாளிக்குக் கதிர்மானியும் தூசு தடுக்கும் முகமூடியும் வழங்கவேண்டும். அந்நாணலை மாட்டுக்குப் போடுவதும் எரிப்பதும் தடுக்கப்படவேண்டும். பாத்தியை மூடும் செலவைக் கம்பனி முன்கூட்டியே வைப்பிலிடவேண்டும். சுண்ணாம்புக் கல் நிலத்தில் இத்தகைய பாத்தி அறவே ஆகாது.

வணிக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. விதி செய்வதற்கு இதனினும் நல்ல வேளை வராது. கிணறு கெட்டபின் நீதிமன்றப் படியேறுவது சட்டத்தரணிக்குத் தொழில்; தோட்டக்காரனுக்கோ அது வாழ்வின் அழிவு.