கல்லூரிக்குக் கோப்பை, பிள்ளைக்கு என்ன?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்திலேயே எங்கள் பூதப்பாண்டியில் கல்லூரிகளின் பிளக்ஸ் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. விளையாட்டு வீரர்களுக்குக் கட்டணச் சலுகை, விடுதி இலவசம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே கோப்பையோடு பத்துப் பன்னிரண்டு பையன்கள், நடுவில் தாளாளர். முகம் தெளிவாகத் தெரிவது தாளாளருக்கு மட்டும்தான்.

அதைப் பார்த்துவிட்டு வருஷத்துக்கு இரண்டு மூன்று பெற்றோராவது என்னிடம் வருகிறார்கள். நான் விளையாட்டுக்காரன் அல்ல. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு பூர்வீக ஊருக்குத் திரும்பியவன். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன் என்று வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், பீஸ் எவ்வளவு கொறைப்பாங்க?"

இந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. வடசேரிச் சந்தையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம். பிள்ளையின் மூன்று வருஷத்தையும், அவனுடைய காலையும் தோளையும் ஒரு கல்லூரியிடம் ஒப்படைக்கும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை. கல்லூரி நம் பிள்ளையை ஓடவிட்டுப் பார்க்கிறது, தாண்டவிட்டுப் பார்க்கிறது, சான்றிதழைப் புரட்டிப் பார்க்கிறது. கல்லூரியைப் புரட்டிப் பார்ப்பது யார்? சலுகை கொடுக்கிறவர்களிடம் கேள்வி கேட்கலாமா என்று கூசுகிறோம். அது சலுகையே அல்ல, பண்டமாற்று என்பது என் கட்சி. பிள்ளை ஆட்டத்தைக் கொடுக்கிறான். கல்லூரி பதிலுக்கு என்ன கொடுக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் பல வருஷம் பணி நியமனப் பிரிவில் இருந்தவன். விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக வருகிற இளைஞர்களின் சான்றிதழ்க் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். சிலர் முப்பது நாற்பது சான்றிதழ்களை லேமினேஷன் போட்டுக் கொண்டுவருவார்கள். கல்லூரி விழாப் போட்டி, ஊர்த் திருவிழாவில் நடந்த மின்னொளிக் கபடி, ஏதோ ஒரு சங்கத்தின் சுழற்கோப்பை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். அத்தனையும் உழைத்து வாங்கியவைதான். ஆனால் விதிப்படி எண்ணினால் ஒன்றுகூடத் தேறாது. அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கட்டைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது லேசான வேலை அல்ல.

விதி ஒன்றும் ரகசியமல்ல. மத்திய அரசு 1980 ஆகஸ்டில் போட்ட ஆணையிலேயே படிவங்கள் இருக்கின்றன. முதல் படிவம் நாட்டுக்காக விளையாடியவருக்கு. இரண்டாவது, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு. மூன்றாவது, பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்கு. நான்காவது, மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியவருக்கு. கல்லூரிக்காக மட்டும் ஆடியவருக்கு இதில் படிவமே கிடையாது. மூன்றாம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர். கல்லூரி முதல்வர் போட்டால் செல்லாது. ரயில்வேக்கு இதற்கும் மேலே தனி அளவுகோல் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கும் தனி விதி. எதுவானாலும் உள்ளூர்க் கோப்பைக்கு மதிப்பில்லை.

ஆகவே ஒரு சிறிய கல்லூரியை எடைபோட முதல் கேள்வி இதுதான்: "கடந்த ஐந்து வருஷத்தில் உங்கள் மாணவர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஆட்டத்தில், பல்கலைக்கழக அணிக்குப் போயிருக்கிறார்கள்?" எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் தேறுகிறவர்களிலிருந்து பல்கலைக்கழக அணி எடுக்கப்படுகிறது. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்கும், வென்றால் அகில இந்தியப் போட்டிக்கும் போகும். 2020-இல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிக்கும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். ஆக, ஏணி ஒன்றுதான். கல்லூரி அந்த ஏணியில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறதா, அல்லது பரிசுப்பணப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிறதா? அலமாரி நிறையக் கோப்பை இருந்தும், இந்தக் கேள்விக்கு ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி, பயிற்சி கொடுப்பது யார்? உடற்கல்வி இயக்குநர் என்று ஒருவர் இருப்பார். அவர் நிரந்தரமா, தொகுப்பூதியமா? எத்தனை வருஷமாக இருக்கிறார்? கபடி, கைப்பந்து, தடகளம், சதுரங்கம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரேதானா? கல்லூரிப் பஸ்ஸைக் கவனிப்பதும், விழாவுக்குப் பந்தல் போட ஆள் பிடிப்பதும் அவர் தலையில்தானா? அவரைக் குறை சொல்லவில்லை. பாதிச் சம்பளத்தில் மூன்று ஆள் வேலை பார்க்கிற அந்த மனிதருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். பாட்டியாலாவில் 1961 முதல் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்றுநர்களை உருவாக்குகிறது. சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கி நூறு வருஷம் தாண்டிவிட்டது. படித்த பயிற்றுநருக்கு நாட்டில் பஞ்சம் இல்லை. சம்பளம் கொடுக்கத்தான் மனசு இல்லை.

மைதானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சேர்க்கை நடக்கிற மே மாத வெயிலில் போய்ப் பார்க்கிறார்கள். வெயிலில் எந்தப் பொட்டலும் மைதானமாகத்தான் தெரியும். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. தண்ணீர் கட்டி நிற்கிற மாதங்களில் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். கட்டண ரசீதில் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். எல்லா மாணவரிடமும் வாங்குகிற அந்தப் பணம் போன வருஷம் எதற்குச் செலவானது என்றும் கேளுங்கள். பணம் வாங்கினவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் நாங்கள் ஒரு டஜன் பென்சிலுக்கே கணக்கு எழுதியவர்கள்.

மூன்றாவது, படிப்பு. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும் என்பது விதி. போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகை கொடுப்பார்களா, உள்தேர்வு தவறினால் மறுபடி வைப்பார்களா? இதை முதல்வரிடம் கேட்டால் "எல்லாம் பார்த்துக்கலாம்" என்பார். மூன்றாம் வருஷம் படிக்கிற ஆட்டக்காரனிடம் கேளுங்கள், எத்தனை அரியர் வைத்திருக்கிறான் என்று சொல்லிவிடுவான். முதல் வருஷம் சேர்ந்த பத்துப் பேரில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்பதையும் அவனிடம்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நாலாவது கேள்வி, காயம். எங்கள் தெருப் பையன் ஒருவனைக் கபடிக்காக ஒரு கல்லூரி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. கல்லூரியின் பெயர் வேண்டாம். இரண்டாம் வருஷம் வலது முட்டில் ஜவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அவன் அம்மாவின் நகை போயிற்று. ஆடாதவனுக்குச் சலுகை இல்லை என்று அடுத்த மாதமே கல்லூரியிலிருந்து கட்டண நோட்டீஸ் வந்தது. விலகிக்கொள்கிறேன் என்றால் அசல் சான்றிதழைத் தர மறுத்தார்கள். "பாட்டா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அவன் கேட்டான். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மனு எழுதிய பிறகுதான் காகிதங்கள் கைக்கு வந்தன. முட்டு வரவில்லை.

பிரான்சில் விளையாட்டு பெரும்பாலும் கல்லூரியை நம்பி இல்லை. 1901-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த சங்கங்கள் ஊர்தோறும் இருக்கின்றன, பிள்ளைகள் அங்கே போய் ஆடுகிறார்கள். போட்டியில் இறங்க 'லிசான்ஸ்' என்று ஒரு அட்டை வேண்டும். அதோடு காப்பீடும் சேர்ந்து வருகிறது. ஆட்டம் அப்புறம், காப்பீடு முதலில். நம் கல்லூரிகளிடம் அவ்வளவு கேட்கவில்லை. காயம் பட்டால் செலவு யாருடையது, சலுகை தொடருமா, இந்த இரண்டுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள் என்கிறேன். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு உடன்போவது யார்? 2013-ஆம் வருஷச் சட்டப்படி அமைக்க வேண்டிய உள்புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற கல்லூரி பதில் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்காரர்கள் சொல்கிற நியாயமும் எனக்குத் தெரியும். "நாங்கள் சின்னக் கல்லூரி, பணம் இல்லை. ஏழைப் பிள்ளைக்குச் சும்மா இடம் கொடுப்பதே பெரிய காரியம்" என்பார்கள். பணம் இல்லாதது குற்றம் அல்ல. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1906-இல் தொடங்கியது. அதன் மூன்றாம் பிரிவில் இருக்கிற நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் பெரும்பாலானவை சிறியவை. விளையாட்டுக்கென்று ஒரு காசு உதவித்தொகை அங்கே கிடையாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். சேர நினைக்கிற பிள்ளை நேரில் போய் அணியோடு பேசிப் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறான். அங்கேயும் கோளாறு இல்லாமல் இல்லை. ஆனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஆள் சேர்ப்பதைவிட, இல்லை என்று சொல்லிச் சேர்ப்பது மேல். எங்களால் இவ்வளவுதான் முடியும் என்று நேராகச் சொல்கிற சின்னக் கல்லூரியில் என் பேரனைச் சேர்க்க எனக்குத் தயக்கம் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரி வாசலுக்கு வரும்போது பிள்ளை ஏற்கெனவே ஆட்டக்காரன். மேற்கே கடற்கரையில் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று மீன்பிடி ஊர்கள் இருக்கின்றன. அங்கே நடக்கத் தெரிந்ததும் பந்தை உதைக்கிறார்கள். இந்தியன் சூப்பர் லீக் வரை போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் உருவாக்குவது ஊரும், மணலும், வீட்டில் ஆக்கிப்போடுகிற தாயும். நாஞ்சில் நாட்டு வழக்கில் சொன்னால், நிலம் ஒருவருடையது, விளைச்சலில் பங்கு கேட்பவர் இன்னொருவர். பாட்டம் அளக்காமல் கும்பப்பூவை அறுத்துக்கொண்டு போக யாரையாவது விட்டிருக்கிறோமா?

ஆகவே என் கோரிக்கை சின்னது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் சேர்க்கிற ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கைக் கையேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். ஐந்து வருஷத்தில் சேர்ந்தவர் எத்தனை, பட்டம் பெற்றவர் எத்தனை, பல்கலைக்கழக அணிக்குப் போனவர் எத்தனை, காயத்தால் நின்றவர் எத்தனை, அவர்களுக்குக் கல்லூரி செய்தது என்ன. ஐந்தே வரிதான். நான் படித்த காலத்தில் 'கார்னே' என்று ஒரு மதிப்பெண் புத்தகம் உண்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டும். பிள்ளைகளுக்கு அப்படிக் கணக்குக் காட்டச் சொல்கிற நிர்வாகங்கள் தாங்களும் ஒரு கார்னே காட்டட்டும்.

அதுவரை, என் வயதொத்த வாசகர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு நேரமில்லை. நமக்கு இருக்கிறது. பேரனோடோ பேத்தியோடோ ஒரு விடியற்காலை அந்தக் கல்லூரி மைதானத்துக்குப் போங்கள். மூன்றாம் வருஷப் பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். பிறகு அலுவலகத்துக்குப் போய், கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பதிலையும் எழுதி வாங்குங்கள். கிழவர் தொல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஜீவா பிறந்த ஊரில் கேள்வி கேட்பதற்கு நாம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தாளில் பதில் வந்தால் சேருங்கள். வராவிட்டால், கட்டணம் முழுவதும் இலவசம் என்றாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.