துணி டயப்பர் வாங்கலாமா? துவைப்பது யாருன்னு முதல்ல பேசுங்க!

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை டயப்பர் மாத்த வேண்டியிருக்கும். துணி டயப்பர்னா செலவும் குப்பையும் குறையும். ஆனா, அந்த லாபம் துவைக்கிற விதத்துலதான் இருக்கு.

பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2008 ஆய்வும் இதையே சொன்னது: மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்தால் சூழலுக்கு நல்லது, கொதிக்கும் வெந்நீரில் துவைத்து டிரையரில் போட்டால் அந்த நன்மை போய்விடும்.

ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம். துணி ஈரத்தைச் சரியா உறிஞ்சாது. முதலில் நாலைந்து மட்டும் வாங்கிப் பாருங்க. ராத்திரிக்கும் மழைநாளுக்கும் டிஸ்போசபிள் இருக்கட்டும்.

பிரசவமான உடம்போடு அம்மாவே எல்லாத்தையும் அலசினால், அது சிக்கனம் இல்லை, சுமை. பக்கெட்டை அப்பாவும் தூக்கினால்தான் கணக்கு சரியாகும்.