பழைய வண்டியும் படித்த பிள்ளையும்



“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். ஆனால் பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கப் போகும்போது மட்டும் நம் வீடுகளில் யாரும் அளப்பதில்லை. ‘எக்ஸ்சேஞ்ச்’ என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. டிப்ளமோ படிக்கும் நாம் இதைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது?

எங்க அப்பா மாட்டுச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரிடம் லேசில் இறங்கி வரமாட்டார். அதே மனிதர் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் வாயடைத்துப் போகிறார். “சார், உங்க வண்டிக்கு இவ்வளவுதான் வரும்” என்று டை கட்டிய பையன் சொன்னால் தலையாட்டுகிறார். மாட்டுக்குத் தெரிந்த கணக்கு வண்டிக்கு எங்கே போனது? அங்கே தாள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. அப்பாவின் குரல் அங்கேதான் அடைத்துக்கொள்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். உங்கள் வண்டிக்கு 18,000 ரூபாய், அதோடு ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ 3,000 என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய வண்டியே இல்லாமல் வரும் ஆளுக்கும் அதே 3,000 தள்ளுபடி கிடைக்கும் என்றால், அந்த போனஸ் எங்கே போனது? ஆகவே முதலில் புது வண்டியின் விலையை மட்டும் பேசி, எழுதி வாங்க வேண்டும். பழசைப் பற்றி அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும். வெளியே இரண்டு வியாபாரிகளிடம் விசாரித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஷோரூம்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் வண்டியை ரிப்பேர் பார்த்து, நிறுத்தி வைத்து, விற்க வேண்டும். அவருக்கும் லாபம் வேணும்தான். கூலி வேலையை விட்டுவிட்டு, வாங்க வருகிறவனுக்காகக் காத்துக் கிடக்க முடியாத நம் வீட்டாருக்கு எக்ஸ்சேஞ்ச் ஒரு வசதிதான். அந்த வசதிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாம் ஒர்க்‌ஷாப்பில் என்ஜினைப் பிரித்துப் பார்ப்பவர்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஸ்ப்ராக்கெட் பல் கூராகியிருந்தால் செயின் செட் மாற்றணும். இதில் எதுவுமே இல்லாத வண்டியை டயரையும் பெயிண்டையும் மட்டும் பார்த்து விலை குறைத்தால், “என்ன குறை? காட்டுங்க” என்று கேட்கலாமே! சர்வீஸ் பில்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

விலையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. என் பெரியப்பா ஒரு ஷோரூமில் வண்டியைக் கொடுத்தார். “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்க” என்றார்கள். வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டார். வண்டி கை மாறி எங்கேயோ போய்விட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. இரண்டு வருடம் கழித்து விபத்து வழக்கு நோட்டீஸ் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா அழுத அழுகையை நான் பார்த்தேன். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. “நான் வித்துட்டேன்” என்று வாயால் சொன்னால் போதாது.

எனவே படிவம் 29, 30 இரண்டையும் வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிப்படி, அங்கீகாரச் சான்று பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். “அந்தச் சான்று இருக்கா?” என்று கேளுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம் போட்டு ரசீது வாங்குங்கள். லோன் வண்டியென்றால் பைனான்ஸ் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் முதலில் முடியட்டும்.

இன்னொன்று. இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்யாதவருக்குக் கிடைக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ வண்டியோடு போவதில்லை. அது ஆளுக்குச் சொந்தம். சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை குறையும். கம்பெனியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் புது வண்டிக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

தோழர்களே! வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பிறகுதான் வீட்டுக்கு உதவ முடியும் என்று காத்திருக்க வேண்டாம். நம்மைப் படிக்க வைத்தவர்கள் கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்துச் சொல்வோம். நம் படிப்பால் வீட்டுக்கு வரும் முதல் வருமானம் அதுவாகவே இருக்கட்டும்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்